ஆடைகளின் பிறப்பிட நாடு

ஆடைகளின் பிறப்பிட நாடு என்பது, பல நாடுகளில் படிப்படியாகச் செய்து முடிக்கப்பட்ட ஓர் ஆடையையோ துணிப்பொருளையோ எந்த நாட்டின் பொருளாகக் கொள்ள வேண்டும் என்று இறக்குமதி செய்யும் நாட்டின் சட்டம் முடிவு செய்கிறதோ, அந்த நாட்டைக் குறிக்கும். இது மூல நாடு என்றும் வழங்கப்படுகிறது. இம்முடிவை எட்டுவதற்கான விதிகள் பிறப்பிட விதிகள் எனப்படுகின்றன. சட்டையின் கழுத்துப் பட்டிக்கு உட்புறம் தைக்கப்பட்டிருக்கும் சிறு சீட்டில் காணப்படும் நாட்டின் பெயர் இவ்விதிகளின் விளைவே ஆகும்.

மிளகுக்கோ மாம்பழத்துக்கோ பிறப்பிடம் எது என்ற வினா எழுவதில்லை. கொடியும் மரமும் நிற்கும் மண் எந்த நாட்டினதோ அதுவே பிறப்பிடம். ஆடையின் நிலை வேறு. பருத்தி ஒரு நாட்டில் விளைகிறது; மற்றொன்றில் நூலாகிறது; இன்னொன்றில் துணியாகிச் சாயம் ஏற்கிறது; வேறொன்றில் வெட்டித் தைக்கப்படுகிறது. பொத்தானும் தையல் நூலும் பிற நாடுகளிலிருந்து வந்து சேர்கின்றன. இவற்றுள் எந்த வேலை ஆடையை "உண்டாக்கியது" என்பதைத் துணியைச் சோதித்து அறிய இயலாது. அது சட்டம் தேர்ந்தெடுக்கும் ஒன்று. எனவே ஒரே ஆடைக்கு இரு நாடுகளின் சட்டங்கள் இரு வேறு பிறப்பிடங்களைக் கூறுவதும், ஒரே நாட்டின் இரு சட்டங்கள் வெவ்வேறு விடை தருவதும் உண்டு.

இறக்குமதித் தீர்வையின் அளவு, தீர்வைச் சலுகை, அளவுக் கட்டுப்பாடு (கோட்டா), பொருட்குவிப்புத் தடுப்புத் தீர்வை, வணிகத் தடைகள், புள்ளிவிவரம், விற்பனைச் சீட்டு ஆகிய அனைத்தும் பிறப்பிட நாட்டைச் சார்ந்தே அமைகின்றன.

ஒரு துணியின் பயணம்

விதிகளை விளங்கிக்கொள்ள, கற்பனையான ஒரு துணியின் பயணத்தைப் பின்தொடர்வது உதவும். தமிழ்நாட்டின் தென்காசி மாவட்டத்தில், சங்கரன்கோவிலுக்கும் கோவில்பட்டிக்கும் இடைப்பட்ட கரிசல் நிலத்தில் குருவிகுளம் அமைந்துள்ளது. 2019இல் தென்காசி மாவட்டம் உருவாகும் வரை இது திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. கரிசல் மண் மானாவாரிப் பருத்திக்கு ஏற்றது. வடக்கே இராசபாளையத்தில் நூற்பாலைகள் உள்ளன. மேற்கே சங்கரன்கோவிலில் விசைத்தறிகள் ஓடுகின்றன. தென்கிழக்கே தூத்துக்குடித் துறைமுகம் உள்ளது. ஆகவே பஞ்சு நூலாகி, நூல் துணியாகி, துணி கப்பல் ஏறுவதற்கான படிகள் அனைத்தும் சில மணி நேரப் பயணத் தொலைவுக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன.

குருவிகுளத்தில் எடுத்த பருத்தி இராசபாளையத்தில் நூற்கப்பட்டு, சங்கரன்கோவிலில் காடாத்துணியாக (வெளுக்காத, சாயமேற்றாத துணி) நெய்யப்படுகிறது என்று கொள்வோம். அது தூத்துக்குடி வழியாகக் கொழும்பு சென்று, அங்கே வெளுத்து, சாயமேற்றி, பூவேலை அச்சிடப்படுகிறது. பின்னர் அதே தொழிற்சாலையில் ஒரு பாதித் துணி வெட்டப்பட்டு ஆண்களுக்கான சட்டைகளாகத் தைக்கப்படுகிறது. மறு பாதி அளவாக வெட்டப்பட்டு, நான்கு ஓரமும் மடித்துத் தைக்கப்பட்டுப் படுக்கை விரிப்புகளாகிறது. இரண்டும் ஒரே கப்பலில் நியூயார்க் செல்கின்றன.

ஐக்கிய அமெரிக்காவின் சுங்க விதிகளின்படி சட்டை இலங்கையின் பொருள். படுக்கை விரிப்பு இந்தியாவின் பொருள். ஒரே துணி, ஒரே சாயம், ஒரே தொழிற்சாலை, ஒரே கப்பல். பிறப்பிடம் மட்டும் இரண்டு. இது எழுத்துப் பிழையோ அதிகாரிகளின் தவறோ அன்று. சட்டம் அவ்வாறே இயற்றப்பட்டுள்ளது. இதன் காரணமும் விளைவுமே இக்கட்டுரையில் பெரும்பகுதியாக விளக்கப்படுகின்றன.

போதிய மாற்றம் என்னும் கருத்து

பிறப்பிட விதிகள் அனைத்தும் இரு அடிப்படைகளில் ஒன்றைச் சார்ந்துள்ளன. ஒரு பொருள் முழுமையாக ஒரே நாட்டில் பெறப்பட்டதாயின் அந்நாடே பிறப்பிடம். குருவிகுளத்தில் செடியிலிருந்து எடுத்த பருத்தி இவ்வகையைச் சேரும். பல நாடுகளின் கை பட்ட பொருளுக்கு, இறுதியாகப் "போதிய மாற்றம்" நிகழ்ந்த நாடு பிறப்பிடமாகக் கொள்ளப்படும். சுங்க நடைமுறைகள் குறித்த கியோட்டோ உடன்படிக்கை இவ்விரு அடிப்படைகளையும் பன்னாட்டு அளவில் முன்வைத்தது.

"போதிய" என்பதன் அளவு என்ன என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. இதற்கு மூன்று வழிகள் கையாளப்படுகின்றன. முதலாவது, சுங்க வகைப்பாட்டு எண் மாறியுள்ளதா என்று நோக்குவது. உலகச் சுங்க அமைப்பின் ஒருங்கிணைந்த வகைப்பாட்டில் பஞ்சு 5201 என்ற தலைப்பிலும், பருத்தி நூல் 5205இலும், நெய்த பருத்தித் துணியின் ஒரு வகை 5208இலும், ஆண்களின் நெய்துணிச் சட்டை 6205இலும், படுக்கை விரிப்பு 6302இலும் அடங்கும். துணி 5208ஆக உள்ளே வந்து சட்டை 6205ஆக வெளியேறினால் எண் மாறிவிட்டது. ஆகவே மாற்றம் நிகழ்ந்தது எனலாம். இரண்டாவது, மதிப்புக் கூட்டலைக் கணக்கிடுவது. பொருளின் விலையில் எத்தனை விழுக்காடு அந்நாட்டில் சேர்ந்தது என்பதே அளவுகோல். மூன்றாவது, நூற்றல், நெய்தல், வெட்டுதல், தைத்தல் போன்ற குறிப்பிட்ட ஒரு வேலையைச் சட்டத்திலேயே பெயர் சொல்லி விதிப்பது. ஆடைத் துறையில் மூன்றாவது வழியே மிகுதியாகக் கையாளப்படுகிறது. எந்த வேலையைப் பெயர் சொல்வது என்பதில் அந்தந்த நாட்டு ஆலை முதலாளிகளுக்கும் தொழிற்சங்கங்களுக்கும் இறக்குமதியாளர்களுக்கும் தனித்தனி விருப்பம் இருப்பதால், விதிகள் நெசவுத் தொழில்நுட்பத்தைக் காட்டிலும் அரசியலையே மிகுதியாகப் பிரதிபலிக்கின்றன.

உலக வணிக அமைப்பு 1995இல் தொடங்கப்பட்டபோது, பிறப்பிட விதிகள் பற்றிய ஒப்பந்தமும் நடைமுறைக்கு வந்தது. சலுகை சாராத விதிகளை உலகம் முழுவதற்கும் ஒன்றாக்கும் பணியை மூன்று ஆண்டுகளில் முடிப்பது அதன் திட்டம். அப்பணி இன்றளவும் முற்றுப்பெறவில்லை. முட்டுக்கட்டையாக நின்ற பொருட்களுள் துணியும் ஆடையும் அடங்கும்.

வெட்டுதலா, தைத்தலா?

1974 முதல் 1994 வரை நடைமுறையில் இருந்த பல்லிழை உடன்பாட்டின் கீழ், ஐக்கிய அமெரிக்கா உள்ளிட்ட செல்வ நாடுகள் ஒவ்வொரு ஏற்றுமதி நாட்டுக்கும் ஆடை, துணி வகைகளுக்குத் தனித்தனி கோட்டா விதித்தன. கோட்டா தீர்ந்துவிட்ட நாட்டின் தொழில் முனைவோர், கோட்டா மீதமுள்ள நாட்டின் பெயரில் ஆடையை அனுப்ப வழி தேடினர். பிறப்பிட விதி திடீரென்று முதன்மை பெற்றதற்கு இதுவே காரணம்.

சீனாவும் ஹாங்காங்கும் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். சீனாவில் பாகங்களாகப் பின்னப்பட்ட கம்பளிச் சட்டைகள் ஹாங்காங்கில் கோத்து இணைக்கப்பட்டு, ஹாங்காங் பொருளாக அமெரிக்கா சென்றன. 1984இல் அறிவிக்கப்பட்டு 1985இல் இறுதி செய்யப்பட்ட அமெரிக்கச் சுங்க விதிகள் இதைத் தடுத்தன. பாகங்கள் பின்னப்பட்ட நாடே பிறப்பிடம் என்றாயிற்று. ஆனால் துணியை வெட்டித் தைக்கும் ஆடைகளில், எளிய தையலாக இருக்கும்போது வெட்டிய நாடே பிறப்பிடமாகக் கொள்ளப்பட்டது. உடனே வேறு ஏற்பாடு தோன்றியது. துணி ஹாங்காங்கில் வெட்டப்பட்டது. கூலி குறைந்த சீனாவில் தைக்கப்பட்டது. சீட்டில் ஹாங்காங் என்றே எழுதப்பட்டது.

இதனை மாற்றும் பொருட்டு 1994ஆம் ஆண்டின் உருகுவே சுற்று ஒப்பந்தங்கள் சட்டத்தில் 334ஆம் பிரிவு சேர்க்கப்பட்டது. இது 1996 சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இதன்படி வெட்டித் தைக்கும் ஆடைக்கு, அது முழுமையாக இணைத்துத் தைக்கப்பட்ட நாடே பிறப்பிடம். பொத்தான் வைத்தல், மணி தைத்தல் போன்ற சிறு வேலைகள் கணக்கில் கொள்ளப்படுவதில்லை. கழுத்துப் பட்டி, கைப்பட்டி, பை போன்ற சிறு பாகங்களை வேறு நாட்டில் தைத்துக் கொண்டுவந்தாலும் பிறப்பிடம் மாறாது. தையல் வேலை இரு நாடுகளில் பிரிந்திருப்பின், மிக முதன்மையான இணைப்பு எங்கு நிகழ்ந்தது என்று பார்க்கப்படும். அதுவும் துலங்காவிடில், முதன்மையான இணைப்பு வேலை இறுதியாக நிகழ்ந்த நாடு கொள்ளப்படும். வடிவத்துக்கேற்பப் பின்னப்படும் ஆடைகளுக்குப் பின்னிய நாடே பிறப்பிடம்.

இதில் ஒரு விதிவிலக்கும் உண்டு. இசுரேலுடன் ஏற்கெனவே கட்டற்ற வணிக உடன்பாடு இருந்தமையால், அந்நாட்டுக்கு மட்டும் பழைய விதியே தொடரும் என்று அச்சட்டம் கூறியது. எனவே ஒரே மாதிரியான வேலைக்கு ஒரே சுங்கச் சாவடியில் இரு வகைக் கணக்கு வைக்கப்பட்டது.

படுக்கை விரிப்பும் இந்தியாவின் வழக்கும்

334ஆம் பிரிவு எல்லாப் பொருட்களுக்கும் தையலை அளவுகோலாக வைக்கவில்லை. படுக்கை விரிப்பு, மேசை விரிப்பு, துண்டு, கைக்குட்டை, கழுத்துத் துணி போன்ற தட்டையான பொருட்களில் தையல் வேலை சிறிதே. ஆகவே துணி நெய்யப்பட்ட நாடே அவற்றின் பிறப்பிடம் என்று அது விதித்தது. முன்பிருந்த விதியின்படி, துணியைச் சாயமேற்றி, அச்சிட்டு, மேலும் இரு மெருகூட்டல் வேலைகளைச் செய்த நாடு பிறப்பிடமாக முடிந்தது. 1996இல் அந்த வாயில் அடைபட்டது.

முதலில் முறையிட்டது ஐரோப்பா. சீனாவிலிருந்து வெளுக்காத பட்டுத்துணியை வரவழைத்து, இத்தாலியில் சாயமேற்றி அச்சிட்டு, கழுத்துத் துணிகளாக அமெரிக்காவில் விற்பது வழக்கமாயிருந்தது. புதிய விதியின்படி அவற்றில் சீனாவின் பெயரை இட வேண்டியதாயிற்று. ஐரோப்பிய ஒன்றியம் 1997இல் உலக வணிக அமைப்பில் கலந்தாய்வு கோரியது. இருதரப்பும் உடன்பட்டதன் விளைவாக, 2000ஆம் ஆண்டின் வணிகம் மற்றும் வளர்ச்சிச் சட்டத்தின் 405ஆம் பிரிவு சாய, அச்சு விதியை ஓரளவு மீட்டது. ஆயினும் படுக்கை விரிப்பு முதலிய பொருட்களில், பருத்தி, கம்பளி ஆகியவற்றால் ஆனவையும், 16 விழுக்காடோ அதற்கு மேலோ பருத்தி கலந்தவையும் இத்தளர்விலிருந்து விலக்கப்பட்டன. பட்டுக்கும் செயற்கை இழைக்கும் கதவு திறந்தது, பருத்திக்குத் திறக்கவில்லை.

பருத்தியே இந்தியாவின் பொருள். இந்தியா 2002 சனவரி 11 அன்று உலக வணிக அமைப்பில் முறையிட்டது. 243ஆம் எண் கொண்ட இவ்வழக்கின் தனித்தன்மை கவனிக்கத்தக்கது. பொதுவாக ஒரு நாடு தன் பொருளுக்குத் தன் பெயரை இடவேண்டும் என்றே வாதாடும். இங்கோ இந்தியா, வேறு நாட்டில் முடிக்கப்பட்ட விரிப்பின் மீது தன் பெயர் எழுதப்படக்கூடாது என்று வாதாடியது.

காரணம் கோட்டாவாகும். 1995 முதல் 2004 இறுதி வரை துணி மற்றும் ஆடை ஒப்பந்தத்தின் கீழ்க் கோட்டாக்கள் படிப்படியாக நீக்கப்பட்டு வந்தன. எனினும் அக்காலம் முடியும் வரை அவை செல்லுபடியாகும். மேலே கூறிய கற்பனைப் பயணத்தை மீண்டும் நினைவு கூர்க. சங்கரன்கோவில் காடாத்துணியை வாங்கிய கொழும்பு நிறுவனம், அதனை விரிப்பாக்கி அமெரிக்காவுக்கு அனுப்பினால், அது இந்தியப் பொருளாகி இந்தியாவின் கோட்டாவில் கழிக்கப்படும். இந்திய அரசின் ஏற்றுமதி ஒப்புதல் இன்றி அது அமெரிக்கத் துறைமுகத்தில் இறங்க முடியாது. அந்த நிறுவனத்துக்கோ இந்தியக் கோட்டாவில் பங்கு கிடையாது. ஆகவே அது இந்தியக் காடாத்துணியைத் தவிர்த்து, கோட்டாத் தொல்லை இல்லாத நாட்டின் துணியை வாங்குவதே இயல்பு. துணியை நேரே அமெரிக்காவுக்கு அனுப்பாத, அந்நாட்டின் விதிகளைக் கேள்விப்பட்டே இராத ஒரு விசைத்தறி உரிமையாளரின் சந்தை, இவ்வாறு தொலைவிலுள்ள சட்டம் ஒன்றினால் சுருங்கக்கூடும். காடாத்துணி ஏற்றுமதி அதில் இழப்படையும். நேரே விரிப்பு ஏற்றுமதி செய்வோரின் கோட்டாவும் அதில் குறையும்.

இவ்விதிகள் அமெரிக்க ஆலைகளைக் காக்கும் நோக்குடன் இயற்றப்பட்டவை என்றும், வணிகத்தைக் குலைக்கும் விளைவுடையவை என்றும், ஐரோப்பாவுக்கு வேண்டிய பொருட்களுக்கு மட்டும் தளர்வு தந்து பாகுபாடு காட்டுகின்றன என்றும் இந்தியா வாதிட்டது. பிறப்பிட விதிகள் ஒப்பந்தத்தின் 2ஆம் உறுப்பில் உள்ள மூன்று உட்பிரிவுகள் இதற்கு அடிப்படையாகக் காட்டப்பட்டன. நடுவர் குழு 2002 சூன் 24 அன்று நிறுவப்பட்டு, 2003 சூன் 20 அன்று அறிக்கை வெளியிட்டது. மூன்று கூற்றுகளையும் இந்தியா மெய்ப்பிக்கத் தவறிவிட்டது என்பது அதன் முடிவு. வெவ்வேறு பொருட்களுக்கு வெவ்வேறு அளவுகோல் வைப்பது ஒப்பந்தத்துக்கு முரணாகாது. ஒரே பொருள் வெவ்வேறு நாடுகளிலிருந்து வரும்போது பாகுபாடு காட்டுவதே தடை செய்யப்பட்டுள்ளது என்று அக்குழு பொருள் கொண்டது. அறிக்கை 2003 சூலை 21 அன்று ஏற்கப்பட்டது.

இத்தீர்ப்பின் முதன்மை இந்தியாவின் தோல்வியோடு நின்றுவிடுவதில்லை. பொது விதி உருவாகும் வரை, ஒவ்வொரு நாடும் தன் பிறப்பிட விதிகளைப் பெரிதும் தன் விருப்பப்படியே வகுத்துக்கொள்ளலாம் என்பதை அது உறுதிப்படுத்தியது. பட்டுக் கழுத்துத் துணிக்குக் கிடைத்த தளர்வு பருத்தி விரிப்புக்குக் கிடைக்காமைக்குத் தொழில்நுட்பக் காரணம் ஏதும் கூற இயலாது. சாயப்பட்டறையில் இரண்டுக்கும் நிகழும் மாற்றம் ஏறத்தாழ ஒன்றே.

2005 சனவரி 1 அன்று கோட்டாக்கள் முடிவுக்கு வந்தன; நெசவு விதி முடிவுக்கு வரவில்லை. அதன் விளைவு இருபது ஆண்டுகள் கழித்து வேறு வடிவில் மீண்டும் தோன்றியது. 2025 ஆகஸ்டு 7 முதல் ஐக்கிய அமெரிக்கா இலங்கைப் பொருட்களுக்கு 20 விழுக்காடு கூடுதல் தீர்வை விதித்தது. இந்தியப் பொருட்களுக்கு அதே நாளில் 25 விழுக்காடும், ஆகஸ்டு 27 முதல் மொத்தம் 50 விழுக்காடும் விதிக்கப்பட்டன. அவ்வேளையில் இருந்த வீதங்களின்படி, இந்தியப் பருத்தித் துணியைக் கொண்டு இலங்கையில் தைத்த சட்டைக்கு 20 விழுக்காடும், அதே துணியைக் கொண்டு அதே இடத்தில் ஓரம் மடித்த விரிப்புக்கு 50 விழுக்காடும் கூடுதல் தீர்வை ஆகும்.

சலுகைக்கான தனி விதிகள்

இதுவரை கூறியவை எல்லா இறக்குமதிக்கும் பொதுவான, சலுகை சாராத விதிகள். கட்டற்ற வணிக உடன்பாடுகளும் வளரும் நாடுகளுக்கான சலுகைத் திட்டங்களும் தமக்கெனத் தனி விதிகளை வைத்துள்ளன. அவை பெரும்பாலும் கடுமையானவை. சலுகை பெறும் நாட்டில் வெறும் தையல் மட்டும் நடந்து, மூன்றாம் நாடு ஒன்று பின்வாயில் வழியே பயனடைவதைத் தடுப்பது அவற்றின் நோக்கம்.

வட அமெரிக்கக் கட்டற்ற வணிக உடன்பாடு (1994) நூல் முதல் தொடங்கும் விதியைக் கொண்டிருந்தது. அதாவது நூற்றல், நெய்தல், தைத்தல் மூன்றும் உறுப்பு நாடுகளுக்குள்ளேயே நிகழ வேண்டும். 2020 சூலை 1 அன்று அதற்கு மாற்றாக வந்த உடன்பாடும் பொதுவாக இதையே பின்பற்றுகிறது. இந்தியத் துணியைக் கொண்டு மெக்சிகோவில் தைத்த சட்டைக்கு, சீட்டில் மெக்சிகோ என்றே இருக்கும். ஆனால் சலுகைத் தீர்வை கிட்டாது. மாணவர்கள் இவ்விரு நிலைகளையும் குழப்பிக்கொள்ளலாகாது. சீட்டில் உள்ள நாடு ஒன்று. சலுகைக்குத் தகுதி பெறுவது வேறொன்று.

ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுச் சலுகைத் திட்டம் நெடுங்காலம் இரட்டை மாற்றத்தைக் கோரியது. நூலைத் துணியாக்குதல், துணியை ஆடையாக்குதல் என்னும் இரண்டும் சலுகை பெறும் நாட்டில் நிகழ வேண்டும். 2011 சனவரி 1 முதல் மிகவும் வளர்ச்சி குன்றிய நாடுகளுக்கு இது ஒற்றை மாற்றமாகத் தளர்த்தப்பட்டது. எந்த நாட்டுத் துணியாயினும் வங்காளதேசத்தில் தைத்தால் போதும், ஐரோப்பாவில் தீர்வை இல்லை என்றாயிற்று. திருப்பூர்ப் பின்னலாடை ஏற்றுமதியாளர்கள் வங்காளதேசத்துடன் போட்டியிடுவதன் கடினத்தைப் பற்றிக் கூறும்போது, கூலியைப் போலவே இவ்விதியையும் சுட்டுவதுண்டு.

இலங்கை அவ்வகை நாடுகளுள் ஒன்றன்று. அந்நாட்டுக்கு 2005இல் கூடுதல் ஐரோப்பியச் சலுகை வழங்கப்பட்டு, மனித உரிமைக் காரணங்களால் 2010 ஆகஸ்டில் நிறுத்தப்பட்டு, 2017 மே மாதத்தில் மீண்டும் அளிக்கப்பட்டது. சலுகை இருந்த காலத்திலும் இரட்டை மாற்ற விதி அதனைக் கட்டுப்படுத்தியது. இலங்கையில் தையல் வலுவாக உள்ள அளவுக்கு நெசவு இல்லை. தெற்காசிய நாடுகளுள் ஒன்றன் துணியை மற்றொன்றன் துணியாகக் கொள்ள இடமளிக்கும் "திரட்டல்" ஏற்பாட்டை ஐரோப்பா வகுத்திருந்தது இங்கேதான் பயன்பட்டது.

இந்தியாவும் இதே உத்தியைக் கையாண்டுள்ளது. 1998 டிசம்பர் 28 அன்று கையெழுத்தாகி 2000 மார்ச் 1 முதல் செயற்படும் இந்திய-இலங்கைக் கட்டற்ற வணிக உடன்பாட்டில், இலங்கை ஆடைகளுக்கு ஆண்டுக்கு 80 இலட்சம் உருப்படிகள் என்ற வரம்பு வைக்கப்பட்டது. அவற்றுள் 60 இலட்சம் உருப்படிகள் இந்தியத் துணியால் தைக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது தொடக்க நிபந்தனை. பின்னர் இது தளர்த்தப்பட்டது. 334ஆம் பிரிவு இந்தியக் காடாத்துணிக்கு இலங்கையில் கதவை அடைத்தது எனில், இவ்வுடன்பாடு அதே துணிக்கு அதே நாட்டில் கதவைத் திறக்க முயன்றது எனலாம்.

இந்தியாவுக்குள் வரும் ஆடைகள்

2011 செப்டம்பரில் இந்தியா வங்காளதேசத்தின் 46 வகைத் துணி, ஆடைப் பொருட்களுக்குத் தீர்வையை நீக்கியது. அவ்வாண்டு நவம்பரில் இச்சலுகை தெற்காசியக் கட்டற்ற வணிகப் பகுதியின் பிற வளர்ச்சி குன்றிய நாடுகளுக்கும் பெரும்பாலான பொருட்களில் விரிந்தது. அப்பகுதியின் பொது விதிப்படி, வகைப்பாட்டின் நான்கு இலக்கத் தலைப்பு மாற வேண்டும். அத்துடன் உள்நாட்டு மதிப்பு வளர்ச்சி குன்றிய நாடுகளில் 30 விழுக்காடும், இலங்கையில் 35 விழுக்காடும், இந்தியாவிலும் பாக்கிசுதானிலும் 40 விழுக்காடும் இருத்தல் வேண்டும்.

ஒரு சட்டையின் ஏற்றுமதி விலை 500 ரூபாய் என்றும், அதில் சீனத் துணி முதலிய அயல் பொருட்களின் மதிப்பு 340 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். எஞ்சிய 160 ரூபாய் விலையில் 32 விழுக்காடு. இச்சட்டை டாக்காவில் தைக்கப்பட்டிருந்தால் வங்காளதேசப் பொருளாகச் சலுகை பெறும். கொழும்பில் தைக்கப்பட்டிருந்தால் இவ்விதியின் கீழ்ச் சலுகை பெறாது. துணியின் விலை பத்து ரூபாய் ஏறினால் டாக்காச் சட்டை எல்லைக்கோட்டில் நிற்கும். அதற்கு மேல் ஒரு ரூபாய் ஏறினாலும் தகுதி இழக்கும். மதிப்புக் கூட்டல் முறையின் குறை இதுவே. தையலில் எந்த மாற்றமும் இல்லாமல் பஞ்சு விலையோ நாணய மாற்று வீதமோ பிறப்பிடத்தை மாற்றிவிடும்.

சீனத் துணி வங்காளதேசத்தின் வழியாக ஆடையாகித் தீர்வையின்றி நுழைகிறது என்று இந்திய ஆலைகள் நீண்ட காலமாகக் குறை கூறி வருகின்றன. விதிப்படி தைக்கப்பட்டிருந்தால் அது ஏமாற்று ஆகாது. விதி அனுமதிப்பதே அது. ஏமாற்று என்பது மதிப்பைக் கூட்டிக் காட்டுவதும், தைக்காததைத் தைத்ததாகச் சான்று பெறுவதும் ஆகும். இதனைத் தடுக்க, 2020ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தின் மூலம் சுங்கச் சட்டத்தில் 28 டிஏ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டு, வணிக உடன்பாடுகளின் கீழ்ப் பிறப்பிடத்தைச் சரிபார்ப்பதற்கான விதிகள் 2020 செப்டம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தன. அதற்கு முன் ஏற்றுமதி நாட்டின் சான்றிதழ் ஒன்றே பெரும்பாலும் போதுமானதாயிருந்தது. இப்போது ஆடை எவ்வாறு உண்டாக்கப்பட்டது, மதிப்பு எவ்வாறு கூட்டப்பட்டது என்னும் விவரங்களை இறக்குமதியாளரே திரட்டி ஐந்து ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும்.

சான்றும் ஏய்ப்பும்

துணியைக் கையில் எடுத்துப் பார்த்து அது எங்கே தைக்கப்பட்டது என்று கூற முடியாது. எனவே சரிபார்ப்பு என்பது ஆவணங்களின் சரிபார்ப்பே ஆகும். துணி வாங்கிய பட்டியல், வெட்டுப் பதிவேடு, தையல் வரிசைகளின் அன்றாட உற்பத்திக் கணக்கு, கூலிப் பதிவேடு, கப்பல் ஆவணம் ஆகியவை ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று பார்க்கப்படும். நூறு தையல் இயந்திரங்கள் உள்ள தொழிற்சாலை ஒரு மாதத்தில் ஐந்து இலட்சம் சட்டைகள் தைத்ததாகக் கணக்குக் காட்டினால் ஐயம் எழுவது இயல்பு. அமெரிக்கச் சுங்கத்துறை இதற்கெனத் தன் அலுவலர்களை வெளிநாட்டுத் தொழிற்சாலைகளுக்கே அனுப்பிப் பார்வையிடச் செய்கிறது. முடிந்த ஆடையை மூன்றாம் நாட்டுக்குக் கொண்டுசென்று, சீட்டை மட்டும் மாற்றித் தைத்து மீண்டும் ஏற்றுவது, கோட்டாக் காலத்திலிருந்து அறியப்பட்ட ஏய்ப்பு முறையாகும்.

அண்மைக் காலத்தில் வேறொரு வினாவும் இதனோடு சேர்ந்துள்ளது. ஐக்கிய அமெரிக்காவின் உய்குர் கட்டாய உழைப்புத் தடுப்புச் சட்டம் 2021 டிசம்பரில் இயற்றப்பட்டு, 2022 சூன் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. சீனாவின் சிஞ்சியாங் பகுதியில் விளைந்த பருத்தி கலந்த ஆடை, எந்த நாட்டில் நூற்று, நெய்து, தைக்கப்பட்டதாயினும், கட்டாய உழைப்பால் ஆனதாகவே முதலில் கருதப்பட்டுத் தடுக்கப்படும். அவ்வாறன்று என்பதை மெய்ப்பிக்கும் பொறுப்பு இறக்குமதியாளருடையது. இங்குப் பிறப்பிட நாடு எது என்பது வினா அன்று. பருத்தி எந்த வயலில் விளைந்தது என்பதே வினா.

மேலே விளக்கிய பிறப்பிட விதிகளுள், பருத்தி விளைந்த நிலத்தைக் கொண்டு சட்டையின் நாட்டை முடிவு செய்வது ஒன்றுகூட இல்லை என்பதை நோக்க, இது புதுமையானது. குருவிகுளத்துப் பருத்தி நூலான கணமே அதன் வயல் பொதுவாகச் சுங்கக் கணக்கிலிருந்து மறைந்துவிடும். இப்போது அந்த வயல் வரை ஆவணம் கேட்கப்படுகிறது. இழையில் உள்ள ஓரிடத்தான்களின் விகிதம் மண்ணுக்கும் மழைநீருக்கும் ஏற்ப வேறுபடுவதைக் கொண்டு விளைநிலப் பகுதியைக் கணிக்கும் ஆய்வும் இதற்குத் துணையாகக் கையாளப்படுகிறது. நடைமுறையில் தடையாக நிற்பது ஜின்னிங் ஆலையாகும். அங்கே பல ஊர்களின் பருத்தியும் ஒரே குவியலில் கொட்டப்பட்டு, விதை நீக்கி, பொதிகளாக அழுத்தப்படுகிறது; பொதியின் எண்ணுக்கு முந்தைய எழுத்துச் சான்று பெரும்பாலும் எடைச்சீட்டு மட்டுமே.